எந்தக் கைபேசிக்கும் செய்தி முழுதாகச் சேருமா? வாசகர் கேள்வி – பதில்

கைபேசிகளுக்கிடையே செல்லும் எழுத்துச் செய்திகள் குறித்து வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இந்த இதழில் விடையளித்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் முன்னாள் மாணவர் சங்கத்தின் கூட்ட அறிவிப்பை உறுப்பினர்களுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறோம். ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு செய்திக்கான கட்டணம்தான் ஆகிறது. அதே அறிவிப்பைத் தமிழில் எழுதினால் மூன்று செய்திகளுக்கான கட்டணம் பிடிக்கப்படுகிறது. தமிழில் எழுதுவதற்கு ஏன் இந்தத் தண்டனை?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. தமிழுக்கென்று தனிக் கட்டணத்தை யாரும் விதிக்கவில்லை என்றாலும், உலகின் பெரும்பாலான எழுத்துகளை மனத்தில் கொள்ளாமல் 1980களில் ஐரோப்பாவில் எடுக்கப்பட்ட ஒரு முடிவின் விளைவை நாம் இன்றும் சுமந்துகொண்டிருக்கிறோம். குறுஞ்செய்தி என்பது அழைப்புகளை இணைப்பதற்காகக் கைபேசிக்கும் கோபுரத்துக்கும் இடையே ஓடும் சமிக்ஞைப் பாதையில் மிஞ்சிய இடத்தைப் பயன்படுத்திக்கொள்வதற்காக வகுக்கப்பட்டது. அந்த இடம் 140 பைட், அதாவது 1120 பிட் (0 அல்லது 1 என்று பதிவாகும் மிகச் சிறிய அலகு) மட்டுமே. ஜெர்மானியப் பொறியாளர் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெபிராண்ட் 1985ஆம் ஆண்டில் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்து மனம்போன வாக்கியங்களை அடித்துப் பார்த்து, அவற்றில் பெரும்பாலானவை 160 எழுத்துகளுக்குள் அடங்கிவிடுவதைக் கண்டு, அதுவே போதுமென்று முடிவு செய்தார். ஓர் எழுத்துக்கு 7 பிட் என்று வைத்துக்கொண்டால் 1120 பிட்டில் சரியாக 160 எழுத்துகள் அடங்கும்.

ஆனால் 7 பிட்டில் 128 குறிகளுக்குத்தான் இடமுண்டு. ரோமன் எழுத்துகள், எண்கள், சில கிரேக்க எழுத்துகள், ஐரோப்பிய மொழிகளுக்குத் தேவையான சில குறிகள் ஆகியவற்றோடு அந்தப் பட்டியல் நிறைந்துவிட்டது. பட்டியலில் இல்லாத ஓர் எழுத்து செய்தியில் எங்கேனும் வந்துவிட்டால், கைபேசி அந்தச் செய்தி முழுவதையும், உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடு முறைக்கு மாற்றி, ஒவ்வொரு குறிக்கும் 16 பிட் ஒதுக்குகிறது. 1120ஐ 16ஆல் வகுத்தால் 70. ஆகவே தமிழ்ச் செய்திக்கு 160 அல்ல, 70 இடங்கள்தாம்.

அந்த 70 என்பதும் 70 தமிழ் எழுத்துகள் அல்ல. யூனிகோடில் ஓர் உயிர்மெய் எழுத்து பெரும்பாலும் இரண்டு குறிகளாகவே பதிவாகிறது: மெய்க்கான குறி ஒன்று, உயிர்க்குறியோ புள்ளியோ இன்னொன்று. ‘நாளை கூட்டம் உண்டு’ என்ற வாக்கியத்தில் நம் கண்ணுக்கு 9 எழுத்துகளும் 2 இடைவெளிகளுமாக 11 இடங்கள்தாம் தெரிகின்றன. கைபேசி அதை 18 என்று எண்ணுகிறது. ‘ஸ்ரீ’ ஒன்றே 4 இடங்களைப் பிடித்துக்கொள்ளும். எனவே ஒரு தமிழ்க் குறுஞ்செய்தியில் நடைமுறையில் அடங்குவது ஏறத்தாழ 40 எழுத்துகளே. அதைத் தாண்டினால் செய்தி துண்டாக்கப்படுகிறது. துண்டுகளைச் சேரும் இடத்தில் மீண்டும் கோப்பதற்கான குறிப்புக்கு ஒவ்வொரு துண்டிலும் 6 பைட் போய்விடுவதால், துண்டு ஒன்றுக்கு 67 இடங்களே மிஞ்சுகின்றன. ஆங்கிலத்தில் இதே கணக்கு 153. உங்கள் அறிவிப்பு 134 இடங்களைத் தாண்டியதால் மூன்றாகியிருக்கிறது.

இதற்குத் தீர்வு இல்லாமலில்லை. தமிழ், இந்தி, வங்காளம், தெலுங்கு உள்ளிட்ட இந்திய மொழிகளின் எழுத்துகளையும் 7 பிட்டிலேயே அனுப்புவதற்கான அட்டவணைகள் கைபேசித் தரநிலையில் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தினால் ஒரே தமிழ்ச் செய்தியில் இப்போது அடங்குவதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலாக அடங்கும். ஆனால் அனுப்பும் கைபேசி, பெறும் கைபேசி, இடையிலுள்ள சேவை நிறுவனம் என எல்லாத் தரப்பும் அதை ஏற்றால்தான் பயன். கைபேசித் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்ளவேயில்லை. கோடிக்கணக்கானோர் எழுதும் மொழிகளுக்காக வகுக்கப்பட்ட ஒரு விதி ஏட்டிலேயே கிடப்பது எனக்கு மிகுந்த வேதனையளிக்கிறது.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது, அறிவிப்பை 134 இடங்களுக்குள் சுருக்கி இரண்டு செய்திகளாக்குவதே. கட்டணத்துக்கு அஞ்சி ரோமன் எழுத்தில் தமிழை எழுதி அனுப்ப வேண்டாம் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். மூத்த உறுப்பினர்கள் பலருக்கு அது வாசிக்கவே இயலாததாகிவிடும். இந்தியாவில் விற்கப்படும் கைபேசிகள் 22 அட்டவணை மொழிகளிலும் வரும் செய்திகளைக் காட்ட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டில் மத்திய அரசு ஆணையிட்டு, அதற்கென ஐஎஸ் 16333 என்ற தரநிலையைக் கட்டாயமாக்கியிருப்பதால், அண்மைக்காலத்தில் வாங்கிய எளிய பொத்தான் கைபேசியிலும் உங்கள் தமிழ் அறிவிப்பு கட்டங்களாகத் தெரியாமல் எழுத்தாகவே தெரிய வேண்டும்.

கேள்வி: நான் முழுக்க ஆங்கிலத்திலேயே அனுப்பும் விலை அறிவிப்பும் சில நாட்களில் இரண்டு செய்திகளாகக் கணக்கிடப்படுகிறதே, அது ஏன்?
– ஜவுளி வணிகர், ஈரோடு

பதில்: விலைக்கு முன்னால் ரூபாய்க் குறியைப் போடும் நாட்களில்தான் இப்படி நேர்கிறதா என்று பாருங்கள். பவுண்டு, டாலர், யென் ஆகியவற்றின் குறிகள் மேலே சொன்ன 128 குறிகளுக்குள் இருக்கின்றன. யூரோவுக்குப் பின்னர் துணைப் பட்டியலில் இடம் தரப்பட்டது. 2010ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட நமது ₹ குறிக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அந்த ஒரு குறி வந்தவுடன் செய்தி முழுவதும் 16 பிட்டுக்கு மாறி, 160 என்ற வரம்பு 70 ஆகிவிடும். ஒரே ஓர் எமோஜியும், சில கைபேசிகள் தாமாகவே மாற்றிப் போடும் வளைந்த மேற்கோள் குறிகளும் இதே வேலையைச் செய்யும். ₹ குறிக்குப் பதிலாக ஆங்கிலத்தில் ஆர், எஸ் என்ற இரண்டு எழுத்துகளைத் தட்டச்சு செய்தால் உங்கள் செய்தி மீண்டும் ஒன்றாகிவிடும்.

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறோம். எங்கள் மகளின் வகுப்புத் தோழிகள் அனைவரிடமும் ஐபோன் இருக்கிறது. அவளிடம் மட்டும் ஆண்ட்ராய்டு. அவர்கள் குழுவில் பகிரும் காணொளி அவளுக்கு மங்கலாக, தபால்தலை அளவில் வருகிறது. ஒருவர் செய்திக்கு விருப்பம் தெரிவித்தால், அதுவும் முழு வாக்கியமாக இன்னொரு முறை வந்து நிற்கிறது. அவளைச் சேர்த்தால் குழுவே கெட்டுவிடுகிறது என்று தோழிகள் சொல்கிறார்களாம். அவளுடைய கைபேசியில் என்ன கோளாறு?
– ஒரு தாய், நியூஜெர்சி, அமெரிக்கா

பதில்: அவளுடைய கைபேசியில் எந்தக் கோளாறும் இல்லை. இதை அவளிடமும், முடிந்தால் அவளுடைய தோழிகளின் பெற்றோரிடமும் சொல்லுங்கள்.

ஐபோனிலுள்ள மெசேஜஸ் செயலி, பார்வைக்கு ஒன்றாகத் தோன்றினாலும் உள்ளே வெவ்வேறு பாதைகளில் இயங்குகிறது. இரு முனையிலும் ஆப்பிள் கருவிகள் இருந்தால், செய்தி இணையம் வழியாக அந்நிறுவனத்தின் சொந்தச் சேவையான ஐமெசேஜில் செல்கிறது. அது நீல நிறத்தில் தெரியும். 2011ஆம் ஆண்டு அக்டோபரில், ஐபோனின் இயக்க மென்பொருளான ஐஓஎஸ்ஸின் 5ஆம் பதிப்புடன் அது வந்தது. மறுமுனையில் வேறு நிறுவனத்தின் கைபேசி இருந்தால், செய்தி தொலைபேசி நிறுவனத்தின் பழைய பாதையில் எஸ்எம்எஸ் ஆகவோ, படம் இருந்தால் எம்எம்எஸ் ஆகவோ பச்சை நிறத்தில் செல்லும். எம்எம்எஸ் என்பது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், கைபேசித் திரைகள் சிறியவையாக இருந்த காலத்தில் வந்த முறை. அதில் செல்லும் கோப்பின் அளவுக்குச் சேவை நிறுவனங்கள் விதித்த வரம்பு மிகக் குறைவு என்பதால், அனுப்பும் கைபேசியே காணொளியை நசுக்கி அந்த வரம்புக்குள் அடக்குகிறது. மங்கல் அனுப்பும்போதே ஏற்பட்டுவிடுகிறது. உங்கள் மகளின் திரைக்கு அதில் பங்கில்லை. குழுவில் ஒருவரிடம் ஆண்ட்ராய்டு இருந்தால் குழு முழுவதுமே பழைய பாதைக்கு இறங்கிவிடும் என்பதால், இழப்பு எல்லோருக்கும் நேர்கிறது. பழி மட்டும் அந்த ஒருவர்மேல் விழுகிறது.

இது தற்செயலாக நேர்ந்த நிலைமை அன்று. எபிக் கேம்ஸ் என்ற கணினி விளையாட்டு நிறுவனம் தொடுத்த வழக்கில் 2021ஆம் ஆண்டு வெளியான ஆப்பிளின் உள் மின்னஞ்சல்களில், ஐமெசேஜை ஆண்ட்ராய்டுக்குக் கொண்டுசென்றால் ஐபோன் வைத்திருக்கும் குடும்பங்கள் தம் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு வாங்கிக் கொடுப்பதற்கிருக்கும் தடை நீங்கிவிடும் என்று அதன் உயர் அதிகாரி ஒருவர் 2013ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தது தெரியவந்தது. பிள்ளைகளுக்கிடையே சுவராக நிற்கும் ஒன்றை, அது சுவர் என்று அறிந்தே வைத்திருந்தார்கள் என்பதை நான் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். குறுஞ்செய்திக்கு அடுத்த தலைமுறையாக ஆர்சிஎஸ் என்ற பொதுத் தரநிலைக்கான பணி 2007ஆம் ஆண்டிலேயே தொடங்கி, அடுத்த ஆண்டில் உலகத் தொலைபேசி நிறுவனங்களின் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏவின் பொறுப்புக்கு வந்தது. பெரிய படங்கள், எதிரிலிருப்பவர் தட்டச்சு செய்கிறார் என்ற அறிகுறி, செய்தி வாசிக்கப்பட்டதற்கான குறி என இன்று நாம் எதிர்பார்ப்பவை யாவும் அதில் இருந்தன. 2012ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு நிறுவனங்கள் ஜாய்ன் என்ற பெயரில் அதை வெளியிட்டும் பார்த்தன. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றியபடி அதை நிறுவியதால், ஒரு நிறுவனத்தின் ஆர்சிஎஸ் இன்னொன்றோடு பேசவில்லை. யூனிவர்சல் ப்ரொஃபைல் என்ற ஒரே வடிவத்துக்கு அவை உடன்பட்டது 2016ஆம் ஆண்டு நவம்பரில்தான். அதன் பிறகும் அமெரிக்காவின் நான்கு பெரிய நிறுவனங்கள் 2019ஆம் ஆண்டில் கூட்டாகத் தொடங்கிய திட்டம் 2021ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. காத்திருந்து சலித்த கூகுள், தொலைபேசி நிறுவனங்களை எதிர்பாராமல் தன் சொந்த வழங்கிகள் (செய்திகளைப் பெற்று அனுப்பும் மையக் கணினிகள்) மூலமாகவே 2019ஆம் ஆண்டு முதல் ஆர்சிஎஸ் சேவையைத் தரத் தொடங்கியது. எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டிய ஒன்று, பெருமளவில் ஒரு தனி நிறுவனத்தின் வழங்கிகளைச் சார்ந்ததாக ஆனது இப்படித்தான்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்புகளின் நெருக்கடி முற்றியிருந்த வேளையில், 2023ஆம் ஆண்டு நவம்பரில் ஆர்சிஎஸ்ஸை ஏற்பதாக ஆப்பிள் அறிவித்து, 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 18 பதிப்பில் அதைச் சேர்த்தது. ஆகவே தோழிகளின் ஐபோன்களில் அந்தப் பதிப்போ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும். மெசேஜஸ் செயலிக்கான அமைப்புகளில் ஆர்சிஎஸ் என்ற பொத்தான் இயக்கப்பட்டிருக்க வேண்டும். அவர்களுடைய தொலைபேசி நிறுவனமும் அதற்கு ஆதரவு தர வேண்டும். உங்கள் மகளின் கைபேசியில் கூகுள் மெசேஜஸ் செயலியில் ஆர்சிஎஸ் அரட்டையை இயக்குங்கள். பழைய குழு எம்எம்எஸ் முறையிலேயே தங்கிவிட்டிருந்தால், புதிதாக ஒரு குழுவைத் தொடங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். காணொளி தெளிவாக வரும். விருப்பக் குறி வாக்கியமாக வராமல் குறியாகவே வரும். நிறம் மட்டும் பச்சையாகவே இருக்கும், ஏனெனில் அதை மாற்ற ஆப்பிள் முன்வரவில்லை.

கேள்வி: அப்படியானால் ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் இடையே ஆர்சிஎஸ் வழியாகச் செல்லும் செய்தியை இடையில் யாரும் படிக்க முடியாதா?
– வழக்கறிஞர், மதுரை

பதில்: எல்லா நேரத்திலும் அப்படிச் சொல்லிவிட முடியாது. ஐமெசேஜ் செய்திகள் தொடக்கம் முதலே, அனுப்பியவரும் பெறுபவரும் தவிர வேறெவரும் படிக்க இயலாதபடி மறையாக்கம் செய்யப்படுகின்றன. கூகுள் மெசேஜஸ் பயன்படுத்தும் இருவருக்கிடையே செல்லும் ஆர்சிஎஸ் செய்திகளுக்கும் 2021ஆம் ஆண்டு முதல் அத்தகைய பாதுகாப்பு உண்டு. சிக்னல் செயலியின் மறையாக்க முறையையே கூகுள் அதற்கு எடுத்துக்கொண்டது. ஆனால் அது கூகுள் தானாகச் சேர்த்தது. பொதுத் தரநிலையின் பகுதியாக இருக்கவில்லை. அதனால் 2024ஆம் ஆண்டில் ஐபோனுக்கு ஆர்சிஎஸ் வந்தபோது, இரு வகைக் கைபேசிகளுக்கும் இடையிலான செய்திகள் அந்தப் பாதுகாப்பின்றியே சென்றன.

இந்தக் குறையை நீக்க, 2025ஆம் ஆண்டு மார்ச்சில் ஜிஎஸ்எம்ஏ தன் தரநிலையிலேயே மறையாக்கத்தைச் சேர்த்தது. இணையத்தின் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட எம்எல்எஸ் என்ற முறை அதற்கு அடிப்படை. பெரிய குழுவில் ஒருவர் சேரும்போதும் விலகும்போதும், செய்தியைப் பூட்டித் திறக்கும் மறையாக்கத் திறவுகோல்களைச் சிக்கனமாக மாற்றிக்கொள்ளும் வகையில் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. எந்தத் தனி நிறுவனத்துக்கும் சொந்தமில்லாதது என்பது அதன் பெருஞ்சிறப்பு. தன் கருவிகளிலும் இதைச் சேர்ப்பதாக ஆப்பிள் அப்போதே அறிவித்தது. ஆனால் அறிவிப்பை நம்பி எழுதாதீர்கள். உரையாடலில் பூட்டுக் குறி தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்து எழுதுங்கள். இரு கைபேசிகளில் ஏதேனும் ஒன்று பழைய பதிப்பில் இருந்தாலும் பூட்டு இருக்காது.

சாதாரண எஸ்எம்எஸ் எந்தக் காலத்திலும் பூட்டப்பட்டதில்லை. அதைத் தொலைபேசி நிறுவனமும், அந்த நிறுவனத்தின் வலையமைப்புக்குள் ஊடுருவியவரும் படிக்க முடியும். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களுக்குள் சால்ட் டைஃபூன் என்று பெயரிடப்பட்ட சீன ஊடுருவல் கும்பல் புகுந்தது தெரியவந்ததும், 2024ஆம் ஆண்டு டிசம்பரில் அந்நாட்டு அதிகாரிகளே மறையாக்கம் உள்ள செயலிகளைப் பயன்படுத்துமாறு பொதுமக்களைக் கேட்டுக்கொண்டார்கள். கட்சிக்காரரின் ரகசியத்தைக் காக்கும் கடமையுள்ள தொழிலில் இருக்கும் நீங்கள், வழக்கு விவரங்களைக் குறுஞ்செய்தியில் அனுப்பாமலிருப்பதே முறை.

கேள்வி: ஐபோனை விட்டு ஆண்ட்ராய்டுக்கு மாறிய பிறகு, ஐபோன் வைத்திருக்கும் என் அக்காவின் செய்திகள் மட்டும் எனக்கு வருவதில்லை. எண் மாறவில்லை.
– கல்லூரி மாணவி, திருச்சிராப்பள்ளி

பதில்: உங்கள் எண் இன்னும் ஐமெசேஜில் பதிவாகியிருக்கிறது. அக்காவின் கைபேசி, உங்களிடம் ஐபோன் இருப்பதாகவே எண்ணி அந்த வழியில் செய்தியை அனுப்புகிறது. அதைப் பெற்றுக்கொள்ள அங்கே கருவி இல்லை. சிம்மைக் கழற்றுவதற்கு முன்பே பழைய ஐபோனின் அமைப்புகளில் ஐமெசேஜை நிறுத்தியிருந்தால் இந்தச் சிக்கல் வந்திராது. கருவி கையில் இல்லாவிட்டாலும் கவலையில்லை. எண்ணை விடுவிப்பதற்கென்றே 2014ஆம் ஆண்டு முதல் ஆப்பிள் இணையதளத்தில் தனிப் பக்கம் இருக்கிறது. அங்கே எண்ணைக் கொடுத்தால் வரும் குறியீட்டை உள்ளிட்டவுடன் பதிவு நீங்கிவிடும்.

கேள்வி: எந்தத் தொலைபேசி நிறுவனத்தின் எண்ணிலிருந்தும் எந்த எண்ணுக்கும் பேச முடிகிறது. எந்த மின்னஞ்சலிலிருந்தும் எந்த மின்னஞ்சலுக்கும் எழுத முடிகிறது. வாட்ஸ்அப்பிலிருந்து சிக்னலுக்கோ டெலிகிராமுக்கோ மட்டும் ஏன் அனுப்ப முடிவதில்லை?
– நூலகர், யாழ்ப்பாணம்

பதில்: தொலைபேசியும் மின்னஞ்சலும் பொதுத் தரநிலைகளின்மேல் எழுந்தவை. அரட்டைச் செயலிகள் ஒவ்வொன்றும் தனித்தனி நிறுவனங்கள் கட்டிய மூடிய அமைப்புகள். மக்கள் கூட்டமே அவற்றின் சொத்து என்பதால், அந்தக் கூட்டத்தை வெளியாருக்குத் திறந்துவிட அவற்றுக்கு ஆர்வமில்லை.

சட்டத்தின் மூலம் அவற்றைத் திறக்கச் செய்யும் முயற்சியை முன்னின்று நடத்துவது ஐரோப்பிய ஒன்றியம். 2022ஆம் ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்த அதன் டிஜிட்டல் சந்தைகள் சட்டம், மிகப் பெரிய செய்திச் சேவைகள் கோரிக்கை விடுக்கும் பிற சேவைகளோடு இணைந்து இயங்க வேண்டுமென விதிக்கிறது. முதலில் இருவருக்கிடையிலான எழுத்தும் படமும், பின்னர் குழுக்கள், அதன்பின் அழைப்புகள் என்று படிப்படியாக அது காலக்கெடு தருகிறது. வாட்ஸ்அப், மெசஞ்சர் ஆகிய இரண்டும் 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் இந்தச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. ஐமெசேஜுக்கு 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் விலக்கு அளிக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டு நவம்பரில் பேர்டிசாட், ஹைகெட் என்ற இரண்டு சிறு செயலிகளோடு ஐரோப்பாவில் இணைப்பு தரப்போவதாக வாட்ஸ்அப் அறிவித்தது.

உங்கள் கேள்வியில் வரும் சிக்னல் இதில் சேர விரும்பவில்லை. தன் பயனர்களுக்கு அளித்திருக்கும் அந்தரங்க உறுதியை இன்னொரு நிறுவனத்தின் வழங்கிக்குள் செல்லும் செய்திக்கு அளிக்க முடியாது என்பது அதன் வாதம். யார் யாருக்கு எப்போது எழுதினார்கள் என்ற விவரத்தைக்கூடத் திரட்டாமலிருக்க முயலும் ஒரு சேவையின் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் பொதுத் தரநிலையிலேயே வலுவான மறையாக்கத்தைச் சேர்த்துவிட முடியும் என்று எம்எல்எஸ் காட்டியிருக்கும்போது, இணைந்து இயங்குவதும் அந்தரங்கமும் ஒன்றையொன்று விலக்குபவை என்ற வாதத்தை முழுமையாக ஏற்க என்னால் இயலவில்லை. ஐரோப்பியச் சட்டம் இலங்கையிலோ இந்தியாவிலோ உள்ளவர்களுக்குப் பொருந்தாது; இங்கே அத்தகைய சட்டம் இல்லை. வேண்டும் என்று கேட்பதற்கு இது தக்க தருணம்.

கேள்வி: கரையிலிருந்து சற்றுத் தொலைவு போனதும் வாட்ஸ்அப் நின்றுவிடுகிறது. குறுஞ்செய்தி மட்டும் அப்போதும் போகிறது. காரணம் என்ன?
– மீனவர், நாகப்பட்டினம்

பதில்: வாட்ஸ்அப்பும் ஆர்சிஎஸ்ஸும் இயங்க இணைய இணைப்பு தேவை. விளிம்பில் நிற்கும் அலைவரிசையில் அந்த இணைப்பு நிலைப்பதில்லை. குறுஞ்செய்திக்கு வேண்டியதோ, கைபேசி கோபுரத்தோடு சில நொடிகள் சமிக்ஞை பேசுவதற்குப் போதுமான அலை மட்டுமே. மேலும், அனுப்பிய செய்தி தொலைபேசி நிறுவனத்தின் செய்தி மையத்தில் சேமிக்கப்பட்டு, பெறுபவரின் கைபேசி தொடர்பெல்லைக்குள் வரும்வரை திரும்பத் திரும்ப முயன்று சேர்க்கப்படுகிறது. கரையிலிருப்பவர் உங்களுக்கு அனுப்பிய செய்தி, நீங்கள் எல்லைக்குள் திரும்பியதும் வந்து சேர்வது அதனால்தான். 1992ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் இங்கிலாந்தில் முதல் குறுஞ்செய்தி அனுப்பப்பட்ட காலத்திலிருந்து இந்த ஏற்பாடு மாறவில்லை. எந்த நிறுவனத்தின் கைபேசியானாலும் இது பொருந்தும்.

ஒரு முன்னெச்சரிக்கை அவசியம். ஆர்சிஎஸ் இயங்கும் கைபேசி, இணையம் கிடைக்காதபோது செய்தியைத் தானாகவே எஸ்எம்எஸ் ஆக மாற்றி அனுப்பும்படி கரையில் இருக்கும்போதே அமைத்துவிடுங்கள். கூகுள் மெசேஜஸ் செயலியில் ஆர்சிஎஸ் அமைப்புகளுக்குள்ளும், ஐபோனில் மெசேஜஸ் அமைப்புகளுக்குள்ளும் அதற்கான பொத்தான் இருக்கிறது. அது அணைந்திருந்தால், நீங்கள் அனுப்பிய செய்தி இணையத்துக்காகக் கைபேசியிலேயே காத்துக்கிடக்கும்.